பிஞ்சுத் தோலும் பிளாஸ்திரியும்

2021 ஜூனில் தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில், பிறந்து இரு வாரமே ஆன பெண் குழந்தையின் கையில் ஊசியைப் பிடித்திருந்த பிளாஸ்திரியைச் செவிலியர் கத்தரிக்கோலால் வெட்டியபோது கட்டைவிரல் துண்டானது. இப்படிச் செய்தி வந்தால் செவிலியரைத் தண்டிப்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. பிஞ்சு விரலருகே கத்தரிக்கோலுக்கு என்ன வேலை?

குறைமாதக் குழந்தையின் மேல்தோல் முதிர்ந்திருக்காது. ஒட்டியதை வெடுக்கென்று இழுத்தால் தோலும் உரியும். ஈரப் பஞ்சால் ஊறவைத்து, தோலை விரலால் தாங்கிக்கொண்டு மெல்லப் பிரிக்க வேண்டும். தோலில் ஒட்டியிருக்கும், ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். செலவு சொற்பம், நேரம்தான் வேண்டும். ஒரே செவிலியர் பல தொட்டில்களுக்கு ஓடும் வார்டில் அது எங்கிருந்து வரும்?

மலைப்பகுதியில் சிக்கல் இன்னும் கூடும். கொல்லிமலையின் திருப்புலி நாடு ஊராட்சிக் குழந்தைக்குத் தீவிர சிகிச்சை என்றால் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் வண்டி திரும்பும்போது ஊசி நகராமலிருக்க பிளாஸ்திரியைச் சுற்றிச் சுற்றி ஒட்டத்தான் தோன்றும், பிரிக்கும்போதுதான் வினை. ஊசி குத்திய இடம் வீங்குவதும் அதில் மறைந்துவிடும்.

மலையேறும் 108 ஊர்திகளில் தோலை உரிக்காத சிலிக்கோன் பிளாஸ்திரி இருக்கட்டும். பச்சிளங்குழந்தை வார்டுகளில் காலியாக உள்ள செவிலியர் பணியிடங்களை மக்கள் நல்வாழ்வுத் துறை உடனே நிரப்ப வேண்டும்.