தோத்த பிறகும் தெருவுக்கு வந்தவர்!

இடைத்தேர்தல்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? மைக் செட், கார் ஊர்வலம், 'கவனிப்பு'... அவ்ளோதானே? ஒரு சேஞ்சுக்கு இங்கிலாந்து பக்கம் போயிட்டு வரலாமா?

1960-களின் கடைசி. லிவர்பூல் நகரத்துல ட்ரெவர் ஜோன்ஸ்னு ஒரு லிபரல் கட்சி கவுன்சிலர். அவரோட ஆயுதம், 'ஃபோகஸ்'ங்கிற நோட்டீஸ். அதுல கட்சிக் கொள்கை கம்மி. உடைஞ்ச நடைபாதை மாதிரி தெருப் பிரச்னைகள்தான் மேட்டர். தேர்தல் இல்லாதப்பவும் அது வீடு தேடி வரும் என்பதுதான் ஸ்பெஷல்!

1972 டிசம்பர்ல தெற்கு லண்டன் சட்டன் அண்ட் சீம் தொகுதிக்கு நாடாளுமன்ற இடைத்தேர்தல். அது கன்சர்வேட்டிவ் கோட்டை. ஜோன்ஸ் அதே ஃபார்முலாவோடு பிரசாரத்துல இறங்கினார். லிபரல் வேட்பாளர் கிரஹாம் டோப்புக்கு வயசு 29. வித்தியாசம் 7,417 ஓட்டு. கோட்டை காலி! 'ஜோன்ஸ் தி வோட்'னு பட்டப்பேரே வாங்கினார் ஜோன்ஸ்.

ஆனா, கதை அங்கே முடியலை. 1974 பிப்ரவரி பொதுத்தேர்தல்ல டோப் தோத்துட்டார். எம்.பி. பதவி பதினஞ்சு மாசம்கூட நீடிக்கலை. மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? அதே வருஷம் சட்டன் கவுன்சிலுக்கு நின்னு, கவுன்சிலர் ஆனார். எம்.பி.யா இருந்துட்டு வார்டு வேலையானு கௌரவம் பார்க்கலை. 1986-லிருந்து 1999 வரை அந்த கவுன்சிலுக்கே தலைவர்!

இடைத்தேர்தல் அலை ஒருநாள் வடிஞ்சுடும் பாஸ். தெருவுல செஞ்ச வேலைதான் நிக்கும். நம்ம ஊர்ல கவுன்சிலருக்குப் போட்டியிட 21 வயசு போதும். அதெல்லாம் அப்புறம். முதல்ல ஒரு சின்ன டெஸ்ட்... உங்க வீடு எத்தனாவது வார்டு?