ஆறு வயசு ஆகட்டும் என்றால் எப்படி?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று மூச்சுக்கு முந்நூறு தடவை கேட்கிற ஊர் இது. ஆனால் பார்வையில்லாத குழந்தை என்று வந்துவிட்டால் மட்டும் சட்டம், ஆஸ்பத்திரி, சொந்தபந்தம் எல்லாம் ஒரே குரலில் சொல்வது இதுதான்: "ஆறு வயசு ஆகட்டும், ஸ்பெஷல் ஸ்கூலில் சேர்த்துவிடலாம்."

சரி.... அந்த ஆறு வருடம் குழந்தை என்ன செய்யும்?

பெரும்பாலும் மல்லாக்கப் படுத்திருக்கும். இல்லாவிட்டால் யார் மடியிலாவது இருக்கும். "பாவம், கண்ணு தெரியாத புள்ள, எங்கேயாவது இடிச்சுக்கும்" என்று தரையில் விடமாட்டார்கள். அன்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் குழந்தையைக் கெடுப்பதும் அந்த அன்புதான்.

பார்வையற்ற குழந்தையின் படிப்பு பிரெயில் புத்தகத்தில் ஆரம்பிப்பதில்லை, தொட்டிலில் ஆரம்பிக்கிறது. அதைச் சொல்லித்தர அந்த வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பாத அரசாங்கம், ஒரு குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு இரண்டாவது குறைபாட்டைத் தன் கையாலேயே கொடுக்கிறது.

இது மிகைப்படுத்தல் என்று தோன்றுகிறதா? கண் தெரிகிற குழந்தை ஏன் தலையைத் தூக்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஏதோ பளபளவென்று தெரிகிறது, பார்க்க வேண்டும். ஏன் தவழ்கிறது? அந்தப் பளபளப்பு கைக்கு எட்டவில்லை, போய் எடுக்க வேண்டும். யாரும் சொல்லித்தருவதில்லை. கண்தான் வாத்தியார். அந்த வாத்தியார் இல்லாத குழந்தைக்குத் தலையைத் தூக்கக் காரணமே இல்லை.

காது இருக்கிறதே, அது போதாதா? போதாது. பார்வையற்ற குழந்தைகளைப் பிறந்த சில மாதங்களில் இருந்தே வீடு வீடாகப் போய்க் கவனித்த அமெரிக்க ஆய்வாளர் ஸெல்மா ஃப்ரைபெர்க், 1977-ல் புத்தகமாகவே எழுதி வைத்தார். கண் தெரிகிற குழந்தை ஐந்து மாதம் வாக்கிலேயே கண்ணில் பட்ட பொருளுக்குக் கை நீட்டிவிடுகிறது. பார்வையற்ற குழந்தை சத்தத்தை வைத்துக் கை நீட்டுவது முதல் வருடத்தின் கடைசி மாதங்களில்தான். அதுவரை கிலுகிலுப்பை ஓய்ந்துவிட்டால், குழந்தையைப் பொறுத்தவரை அப்படி ஒரு பொருளே உலகத்தில் இல்லை. கை நீட்டாத குழந்தை தவழ்வதும் தள்ளித்தான் போகிறது.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. அம்மாவின் குரல் கேட்டதும் இந்தக் குழந்தைகளில் பலர் அசையாமல் ஆகிவிடுவார்கள். காரணம், காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள். அம்மாவுக்கோ, "கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்குது" என்று மனசு விட்டுப்போகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறாள். "முகத்தைப் பார்க்காதேம்மா, விரலைப் பார். நீ பேசும்போது விரல் அசையுது பார்" என்று சொல்ல ஒருவர் அந்த வீட்டு வாசற்படி ஏறியிருந்தால் கதையே வேறு.

அப்படி யாரும் ஏறுவதில்லை. நாலு வயதில் அந்தக் குழந்தை கண்ணை விரலால் அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். மென்று சாப்பிடத் தெரியாது. உடனே "மூளை வளர்ச்சியும் இல்லை" என்று முத்திரை. சொல்லித்தராமல் விட்டவர்கள் தப்பித்துக்கொள்வார்கள், முத்திரை குழந்தைக்கு!

இதற்குத் தேவைப்படுவது ராக்கெட் விஞ்ஞானமா? தூக்குவதற்கு முன் பெயர் சொல்லித் தொடவேண்டும். குப்புறப் படுக்க வைத்துப் பழக்கவேண்டும். கை அசைந்தால் தட்டுப்படுகிற மாதிரி கரண்டியும் மணியும் தேங்காய் நாரும் கட்டித் தொங்கவிடவேண்டும். குழந்தையின் கையைப் பிடித்து இழுக்காமல், தன் கைமேல் அதன் கையை வைத்துக் காட்டவேண்டும். பார்வையற்றவர் என்று சொல்லப்படும் குழந்தைகளில் பலருக்குக் கொஞ்சமாவது பார்வை இருக்கும். அதைத் தூண்ட, கறுப்புத் துணிமேல் எவர்சில்வர் டம்ளரோ மஞ்சள் பந்தோ வைத்தால் போதும். எல்லாம் வீட்டில் இருக்கிற சாமான். இல்லாதது சொல்லித்தர ஆள் மட்டும்தான்.

இதுவரை சொன்னது சிகிச்சையால் பார்வை வராத குழந்தைகளைப் பற்றி. சிகிச்சை இருந்தும் இழக்கிற குழந்தைகளின் நிலைமை இன்னும் மோசம்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரை ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரும் நோய் வரலாம். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது இந்தியாவின் வழிகாட்டு நெறி. மிகவும் எடை குறைந்த குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே. சமயத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். பிறவிக் கண்புரைக்கும் இதே அவசரம்தான், முதல் இரண்டு மாதங்கள் பொன்னானவை. தாமதமானால் புரையை எடுத்தாலும் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளாது.

1996-ல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29-வது வாரத்தில், 1250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றினார்கள். விழித்திரைப் பரிசோதனை வேண்டும் என்று மட்டும் பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. பார்வை போய்விட்டது. 2015 ஜூலை 1 அன்று உச்சநீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு 18 முடிந்து 19 நடந்துகொண்டிருந்தது. "இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்று கேட்பவர்கள் இந்தத் தொகையை ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

கர்நாடகத்தில் 2008-ல் தொடங்கிய கிட்ராப் திட்டத்தில் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் காமிராவோடு சிறு ஊர் ஆஸ்பத்திரிகளுக்கே போய்க் குழந்தைகளின் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். டாக்டர் தூரத்தில் இருந்தே பார்த்து முடிவு சொல்கிறார். முடியாத காரியம் இல்லை என்பதற்கு இது போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வி உரிமையை 6 வயதிலிருந்து 18 வரை தருகிறது. குழந்தைகளை வருடத்துக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 30 நாளில் பறிபோகிற கண்ணுக்கு வருடத்துக்கு ஒரு முறை!

2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் நல்ல திட்டம்தான். குறைமாத விழித்திரை நோயும் பிறவிக் கண்புரையும் அதன் பட்டியலில் இருக்கின்றன. மாவட்டத்துக்கு ஓர் ஆரம்பநிலை இடையீட்டு மையமும் உண்டு. ஆனால் அந்த மையம் மாவட்டத் தலைநகரில் அல்லவா இருக்கிறது? கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டு, வாரா வாரம் எந்தத் தாய் வருவாள்? அமெரிக்காவில் 1986-லேயே பிறந்த நாள் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கென்று சட்டத்தில் தனிப் பகுதி சேர்த்தார்கள். குழந்தையைப் பற்றித் தகவல் வந்த 45 நாளுக்குள் மதிப்பிட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் போட வேண்டும் என்பது விதி. பயிற்சியும் கூடியவரை வீட்டிலேயே. அங்கேயும் ஓட்டைகள் உண்டு. ஆனால் கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"முதலில் கண் சரியாகட்டும், மற்றதெல்லாம் அப்புறம்" என்று ஊர் ஊராக ஆஸ்பத்திரி ஏறி இறங்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. "இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிற டாக்டரைத்தான் கேட்க வேண்டும். கண்ணுக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். குழந்தைக்குச் செய்ய ஆயிரம் இருக்கிறதே! அதே சீட்டில் பயிற்சி மையத்தின் பெயரையும் போன் நம்பரையும் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

கேட்பது மூன்றே மூன்று. குறைமாதக் குழந்தையின் டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி இல்லாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பார்வைக் குறைபாடு உறுதியான அன்றே பயிற்சி மையத்துக்குத் தகவல் போகவேண்டும், மூன்று வயது வரை ஆசிரியர் வீடு தேடி வரவேண்டும். சட்டத்தில் '6 வயது' என்பதை 'பிறந்த நாள்' என்று திருத்த வேண்டும்.

மூன்றும் நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அக்கா வீட்டிலோ, பக்கத்துத் தெருவிலோ குறைமாதத்தில் குழந்தை பிறந்தால் "யாரு ஜாடை?" என்று கேட்பதற்கு முன் "கண் டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் கெடு 30 நாள்.