தோள்பட்டையில் விழுந்த பள்ளம்

உத்திரமேரூரை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தலையைக் குனிந்து, தோள்களை முன்னால் குறுக்கி, புத்தகப் பையை மார்போடு அணைத்தபடிதான் நடப்பாள். அந்த நடையைப் பார்த்து, 'அடக்கமான பொண்ணு' என்று ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மாலையில் அவளும் அவள் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா அடுக்களைப் பக்கம் போனதும் அவள் ரவிக்கையின் தோள்பகுதியைச் சற்றே விலக்கிக் காட்டினாள். இரண்டு தோள்களிலும் உள்ளாடைப் பட்டை பதிந்து பதிந்து விரற்கடை அகலத்துக்குப் பள்ளம் விழுந்து, தோல் கறுத்துக் காய்ப்பேறியிருந்தது. நுகத்தடி பட்ட மாட்டின் கழுத்தை உழவர் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியும். "ராத்திரி குப்புறப் படுக்க முடியல, ஒருக்களிச்சும் படுக்க முடியல பெரியம்மா. முதுகு எரியுது," என்றாள். அடக்கம் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தது இதற்குத்தான்.

மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை என்ற ஒன்று இருப்பதைக் கைப்பேசியில் படித்திருந்தாள். அதைப் பற்றி அம்மாவிடம் பேச ஒரு பெரிய மனுஷி வேண்டும் என்றுதான் என்னிடம் வந்திருக்கிறாள். அன்றிலிருந்து நான் படித்ததும் கேட்டதும் யோசித்ததும் இங்கே. கதை கவிதை பேசும் இடத்தில் இதென்ன என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். மார்பைப் பற்றி நம் இலக்கியம் பேசாத பேச்சா? பேசியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள் என்பது மட்டும்தான் குறை. கச்சை மீறி எழுந்ததையும் இடை ஒடிய நின்றதையும் பாடியவர்களுக்கு, அந்த இடைக்கு மேலே இருக்கும் முதுகெலும்பின் வலியைக் கேட்கத் தோன்றவில்லை. 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது எழுந்த கூச்சல் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஆண் பாடினால் அணி, பெண் பெயர் சொன்னால் ஆபாசம்.

இன்னொன்றும் யோசித்தேன். தன் உடலை வேண்டாம் என்று சொன்ன பெண்கள் நம் மரபில் இல்லாமல் இல்லை. காரைக்காலம்மையார் சதை உதிர்த்துப் பேயுரு வேண்டிப் பெற்றார். திருமணத்திலிருந்து தப்ப இளமையை உதறிக் கிழவியானார் ஔவையார் என்பது செவிவழிக் கதை. கண்ணகியோ இடமுலையைத் திருகி எறிந்து ஊரையே எரித்தாள். தெய்வமாகவோ பேயாகவோ கிழவியாகவோ ஆகத் துணிந்தவளுக்கு நாம் கோயில் கட்டுகிறோம். மனுஷியாகவே இருந்துகொண்டு, கல்லூரிக்கும் போய்க்கொண்டு, பாரத்தை மட்டும் கொஞ்சம் இறக்கிவைக்க விரும்புகிறவளுக்கு நம்மிடம் ஒரு கதையும் இல்லை.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகியல் சிகிச்சைக்கென இலவசப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது நினைவிருக்கிறதா? புற்றுநோயால் மார்பகம் இழந்தவர்களுக்கு அங்கே சீரமைப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அழகு சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்று அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் கேட்டார். உயிர்காக்கும் சிகிச்சையை விட்டுவிட்டு அழகுக்குச் செலவழிப்பதா என்று பொது சுகாதாரத் துறையில் உயர்பதவி வகித்தவர்களே எதிர்த்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை செய்தி போயிற்று. இலவசமாக மார்பகத்தைப் பெரிதாக்கும் அரசு என்று எழுதிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் குறைப்பு என்ற பாதி காணாமல் போயிற்று. பெருக்குவதும் குறைப்பதும் ஒரே பிளாஸ்டிக் சர்ஜரி துறையின் வேலை என்பதால் இரண்டும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. அமைச்சரின் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் இந்தப் பெண்ணின் விஷயத்தில் 'அழகு' என்ற சொல்லே தவறான கதவைத் தட்டுகிறது. எதிர்த்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: முதுகுவலிக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை தருவது மருத்துவம், வலியின் காரணத்தை அகற்றுவது ஆடம்பரம் என்பது எந்தக் கணக்கு?

அந்தச் சொல்லுக்குப் பண மதிப்பும் இருக்கிறது. தனியார் மருத்துவக் காப்பீடுகளின் விலக்குப் பட்டியலில் அழகு சிகிச்சை உண்டு. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பானால் ஏற்பார்கள். இல்லையென்றால் உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க இது அவசியம் என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. ஷ்னூர் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1991இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். உடலின் பரப்பளவுக்கு ஏற்ப இத்தனை கிராம் அகற்றினால் அது மருத்துவம், அதற்குக் குறைந்தால் அழகு என்று காப்பீட்டு நிறுவனங்கள் பல அதைப் பிடித்துக்கொண்டன. வலியைத் தராசில் வைத்து நிறுக்கிறார்கள்.

குடும்பத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். உத்திரமேரூர் என்றால் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டும் குடவோலையும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். முதற் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், யார் வாரியத்தில் உட்காரலாம், யாருக்குத் தகுதியில்லை என்று சுவர் முழுக்க வெட்டிவைத்த ஊர். இந்தப் பெண்ணின் உடலைப் பற்றித் தீர்மானிக்கவும் ஒரு சபை கூடிற்று: பாட்டி, அம்மா, தாய்மாமன். பேச அனுமதியில்லாதவள் அவள் ஒருத்திதான்.

"கல்யாணமாயி ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாப்பூடும்," என்றாள் பாட்டி. சரியாகாது. கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் மார்பகம் இன்னும் பெருக்கத்தான் செய்யும். முதலில் பார்த்த மருத்துவர் ஒருவர் எடையைக் குறைத்தால் போதும் என்று அனுப்பிவிட்டார். உடற்பருமன் உள்ளவர்களுக்கு அது ஓரளவு உதவும், இவளோ ஒல்லி. வயதுக்கு வந்த நாளிலிருந்தே சிலருக்கு மார்பகம் அளவுக்கு மீறி வளர்வது உண்டு. பெற்றோர் கொடுத்த உணவும் அவளுடைய எண்ணங்களும் அதற்குக் காரணமல்ல. (இரண்டாவதை ஏன் எழுதுகிறேன் என்று பெண்களுக்குப் புரியும்.)

அம்மாவின் பயம் வேறு: "நாளைக்கு கொழந்தைக்குப் பால் குடுக்க முடியாம போனா மாப்ள வீட்ல என்னா சொல்லுவாங்கக்கா?" இந்தக் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். பால் கொடுப்பது பாதிக்கப்படலாம். இன்றைய முறைகளில் பெரும்பாலும் காம்பைச் சுரப்பியோடும் இரத்தக் குழாய்களோடும் சேர்த்தே இடம் மாற்றுகிறார்கள். அப்படிச் செய்தவர்களில் பலர் பாலூட்டுகிறார்கள், சிலருக்குப் போதாமல் புட்டிப்பால் சேர்க்க வேண்டிவரும். மிகப் பெரிய மார்பகங்களில் காம்பைத் தனியே எடுத்து ஒட்ட நேர்ந்தால் பாலூட்டும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. காம்பில் உணர்ச்சி குறையலாம். தழும்பு நிச்சயம், காம்பைச் சுற்றியும் அங்கிருந்து கீழ்நோக்கியும் மடிப்பிலும், நங்கூரம் போல. நம் தோலுக்குத் தழும்பு தடித்துக்கொள்ளும் இயல்பு சற்று அதிகம். பிற்பாடு மார்பகம் மறுபடி வளர்ந்து இரண்டாம் அறுவை வேண்டியும் வரலாம். இவ்வளவையும் அந்தப் பெண்ணிடமே சொன்னேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் அவள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இவை. கேட்டுவிட்டு, "இன்னும் பொறக்காத புள்ளைக்காக நான் இப்பவே முதுக வளச்சிக்கணுமா பெரியம்மா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

ருமேனியாவின் டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் 2009இல், 17 வயதில், இதே சிகிச்சையைச் செய்துகொண்டார். 2017இல் உலகின் முதலிடம், 2018இல் பிரெஞ்சு ஓபன், 2019இல் விம்பிள்டன். ஆட்டத்துக்காகத்தான் என்று பலர் எழுதினார்கள். விளையாட்டு வீராங்கனையாக இல்லாவிட்டாலும் செய்திருப்பேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். தாய்மாமனிடம் இதைச் சொன்னேன். "அது வெள்ளைக்காரப் பொண்ணு" என்று முடித்துவிட்டார்.

கடைசியில் சபையைக் கரைத்தது என் வாதம் எதுவுமில்லை. மார்பின் அடிமடிப்பில் வெயில் காலமெல்லாம் வியர்வை தேங்கி, பூஞ்சை பிடித்து, ஒரு நாள் சீழ் வைத்துவிட்டது. அம்மா பார்த்தாள். பெற்ற மகளின் உடம்பை அவள் பார்த்து ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த வாரம் சென்னைக்குப் போனார்கள், ஏறக்குறைய 90 கிலோமீட்டர், ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு.

அங்கே கிடைத்த பெண் மருத்துவர் பொறுமையாகப் பேசினார். வயது 18 கடந்திருக்க வேண்டும், ஒரு வருடமாவது அளவு மாறாமல் நின்றிருக்க வேண்டும் என்றார். கட்டி ஏதும் இல்லையென்று ஸ்கேன், இரத்தப் பரிசோதனை. அறுவை மூன்று நான்கு மணி நேரம். எடுத்த திசுவை நிறுத்துவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஓரிரு நாள் வடிகுழாய் இருக்கும். இரத்தசோகை இருந்ததால், முதலில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு இரத்தம் ஊறட்டும், பிறகு தேதி என்று அனுப்பிவிட்டார். அவளுக்கு அழுகை. எனக்கு அந்த மருத்துவர் மேல் மரியாதை கூடியது.

தேதிதான் பெரிய சிக்கல். வகுப்புக்குத் திரும்ப இரண்டு மூன்று வாரம், பாரம் தூக்க ஆறு வாரம் என்கிறார்கள். 75 சதவீத வருகைப்பதிவு என்ற கயிறு கழுத்தில் இருக்கையில் பருவத்தின் நடுவே அது முடியாது. டிசம்பர் விடுமுறை போதாது. மிஞ்சுவது ஏப்ரல் தேர்வுக்குப் பிந்தைய கோடை. அக்கினி நட்சத்திரத்தில், மின்வெட்டில், இரவும் பகலும் இறுக்கமான உள்ளாடையோடு, ஆறாத தையலோடு மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். தையல்கள் கூடும் முக்கில் புண் ஆறத் தாமதமாவதுதான் அடிக்கடி வரும் தொல்லை என்றும் மருத்துவர் எச்சரித்திருந்தார். ஆனாலும் கோடைதான் என்று முடிவாயிற்று.

மருத்துவமனைத் தாளில் இல்லாத விஷயங்களை நாங்கள் மூவரும் உட்கார்ந்து எழுதினோம். பாயில் படுத்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. எனவே என் வீட்டுக் கட்டில் அங்கே போகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. அம்மாதான் பின்னிவிட வேண்டும். குடம் தூக்கக் கூடாது, வாளி இறைக்கக் கூடாது, தம்பி அதைச் செய்யட்டும் (அவனிடம் எப்படிச் சொல்வது என்று அரைமணி நேரம்). முன்பக்கம் திறக்கும் நைட்டி நான்கு. சென்னைக்கு மறுபடி மறுபடி கட்டுமாற்றப் போக வேண்டும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து சென்னை வரை வராது, அதற்குத் தனியே பணம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வரும் 1000 ரூபாயை அவள் தொடாமல் வைத்திருக்கிறாள். எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது.

ஊருக்கு என்ன சொல்வது என்பது மட்டும் பாக்கியிருந்தது. குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிவிடலாம் என்றாள் அம்மா. வயிற்றில் தழும்பில்லையே என்று பின்னால் யாராவது கேட்பார்களோ என்றும் அவளே கவலைப்பட்டாள். பெண் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"முதுகு வலிக்கு ஆபரேஷன்னு சொல்லும்மா. அதுல பொய் ஒண்ணும் இல்லையே."