புழுவின் கேடயமே புழுவைக் காட்டிக்கொடுக்குமா?

தாய்லாந்தின் வடகிழக்கே ஈசான் வட்டாரத்தில் ‘கோய் பிளா’ என்றோர் உணவு உண்டு. ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறு, மிளகாய், தழைகள் சேர்த்துப் பிசைவார்கள். அடுப்பில் ஏற்றுவதில்லை. புளிப்பும் காரமும் கிருமியைக் கொன்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால், மீனின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத கூட்டில் ஒடுங்கியிருக்கும் கல்லீரல் தட்டைப்புழுவின் குஞ்சு அதற்கெல்லாம் சாகாது.

வயிற்றுக்குள் போனதும் அது கூட்டை விட்டு வெளியேறி, பித்தநாளத்தில் குடியேறும். வளர்ந்தாலும் நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள்தான். பத்து ஆண்டுகள்கூட அங்கேயே வாழும். பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. நாளத்தின் சுவரில் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால், அது புற்றுநோயில் போய் முடியலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1994-இலேயே இந்தப் புழுவைப் புற்றுநோய்க் காரணி என உறுதிசெய்தது. பித்தநாளப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படுவது ஈசானில்தான்.

புழுவைக் கொல்லப் பிராசிகுவான்டெல் மாத்திரை இருக்கிறது. யாருக்குப் புழு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சிக்கல். மலத்தை நுண்ணோக்கியில் வைத்து முட்டையைத் தேடுவது வழக்கமான முறை. புழுக்கள் குறைவாக இருந்தாலோ, பித்தநாளம் அடைத்திருந்தாலோ முட்டை கண்ணில் படாமல் போகலாம்.

இதற்கு ஆய்வாளர்கள் தேடும் மாற்றுவழி எனக்கு வியப்பளிக்கிறது. நம் நோயெதிர்ப்பு அணுக்கள் புழுவைத் தாக்க, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருள்களைச் சுரக்கும். அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்ற நொதி நமக்கு உண்டு, தட்டைப்புழுவுக்கு இல்லை. அதனால் பெராக்சிரெடாக்சின் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் புரதங்களை அது கேடயமாகப் பிடிக்கிறது. அந்தப் புரதம் புழுவிடமிருந்து கசிந்து நம் திசுக்களிலும் கலக்கிறது. நம் உடல் அதை அன்னியப் பொருளாகக் கண்டு எதிர்ப்புப்பொருள் செய்கிறது. இரத்தத்தில் அந்த எதிர்ப்புப்பொருளைத் தேடினால், முட்டையில் தெரியாத புழுவும் பிடிபடலாம்.

இதில் இரண்டு முடிச்சுகள் உண்டு. மாத்திரையில் புழு செத்த பிறகும் எதிர்ப்புப்பொருள் நெடுநாள் தங்கும். உறவுப் புழுக்களிலும் ஏறத்தாழ இதே புரதம் இருப்பதால் ஆள் மாறாட்டமும் நேரலாம். அதனால்தான் கோன் கென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புழு வெளியேற்றும் பொருள்களையே சிறுநீரில் தேடும் சோதனையை உருவாக்கினார்கள். புழு இப்போது உடலில் இருக்கிறதா என்பதை அது இன்னும் நேரடியாகச் சொல்லும்.

விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் நம்மில் பலர். ஆற்று மீனை நன்றாக வேகவைத்தே உண்ணுங்கள். முன்பே பச்சையாகச் சாப்பிட்டிருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதை நீங்களே சொல்லிவிடுங்கள். வலியே இல்லாதவரிடம் எந்த மருத்துவரும் இதைக் கேட்கப்போவதில்லை.