வீடு யாருக்கு? காகிதம் யார் கையில்?

சாரல் ஓய்ந்த ஒரு மாலை நேரம். இலத்தூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் இளந்தோழர் ஒருவர் கோயில் கொடைக்கு ஊர் வந்திருந்தார். பேச்சு வீட்டுப் பக்கம் திரும்பியது. "வாடகை கொடுத்தே ஆயுசு போயிரும் போலிருக்கு அண்ணாச்சி. ஒரு சொந்த வீடு இருந்தா ராஜா மாதிரி இருக்கலாம்" என்றார் அவர்.

பக்கத்தில் இருந்த விவசாயத் தொழிலாளி ஒருவர் சிரித்துவிட்டார். இளைஞருக்கு அவர் மாமா முறை. "எனக்குச் சொந்த வீடுதாம்லே. எங்கப்பன் கெட்டுன வீடு. ஒரு நாளாவது நான் ராஜா மாதிரி இருந்தேனான்னு கேளு" என்றார். தாலுகா ஆபீசிலிருந்து சர்வேயர் வந்தாலே அவருக்கு அன்று இரவு தூக்கம் கிடையாது. வீடு அவருடையது, வீடு நிற்கும் மண் அவருடையதல்ல.

இந்த இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் பார்த்த பிறகு, சொந்த வீடா வாடகை வீடா என்று பட்டிமன்றம் நடத்துவதில் நமக்கு நம்பிக்கை போய்விட்டது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. நாளைக் காலையில் ஒருவன் வந்து "எழுந்திரு, வெளியே போ" என்றால், "முடியாது, இதோ காகிதம்" என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால் வாடகைக்காரனும் சொந்த வீட்டுக்காரனும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள்.

முதலில் வாடகை வீட்டைப் பார்ப்போம். நம் பக்கத்தில் வளவு என்போம். திருப்பூரில் லைன் வீடு என்கிறார்கள். ஒரே வரிசையில் அறைகள், வாசலில் ஒரு குழாய், கோடியில் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றோ இரண்டோ கக்கூஸ். அட்வான்ஸ் கொடுத்தால் அதற்கு ரசீது இல்லை. மாத வாடகைக்கும் ரசீது இல்லை. ஊரிலிருந்து அம்மா வந்து நாலு நாள் தங்கினால் "தண்ணி செலவாகுது" என்று முணுமுணுப்பு. காலி செய்யும்போது சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று அட்வான்ஸில் ஒரு பிடி.

கரண்டு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும். 2016-ம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று சர்க்கார் உத்தரவு இருக்கிறது. ஆனால் லைன் வீட்டில் மெயின் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். நமக்கு இருப்பது அவர் மாட்டிய சப் மீட்டர். யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று அவர் ஒரு ரேட் போடுகிறார். முதல் யூனிட்டுக்கே காசு. ஏழைக்கென்று சர்க்கார் விட்ட சலுகை ஏழையின் வாசற்படி வரை வந்து, பக்கத்து வாசலுக்குள் நுழைந்துவிடுகிறது. மின்சார வாரியம் கேட்பதற்கு மேல் ஒரு பைசா கொடுக்க மாட்டோம் என்று லைன் முழுக்க ஒன்றாகச் சொன்னால் என்ன ஆகும்? இன்னும் பல லைன்களில் யாரும் சொல்லிப் பார்க்கவில்லை.

தென்காசி, கடையநல்லூர் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு இதைவிட ஒரு தொல்லை உண்டு. அவர்களுக்கு வீடுதான் தொழிற்சாலை. முறமும் இலையும் தூளுமாக உட்கார்ந்தால், "புகையிலை நெடி தாங்கல, வேற இடம் பாரு" என்று சொல்ல வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வீடு போனால் அந்தப் பெண்ணுக்கு அன்றைய கூலியும் போய்விடுகிறது. இதற்கெல்லாம் முன்னாலேயே, வாசலில் நின்றபடியே "நீங்க என்ன ஆட்கள்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கம் இருக்கிறதே, அதைப் பற்றி எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, இருக்கிறது. 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகை என்று ஒன்று இருந்தது. கட்டடத்தின் மதிப்பைக் கணக்கிட்டு, அதற்கு இத்தனை சதவீதம் என்று வாடகையை நிர்ணயிக்கச் சொல்லி வாடகைதாரர் கோர்ட்டுக்குப் போகலாம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ல் புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். இதில் வாடகை என்பது இருவரும் ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்ட தொகை. ஒத்துக்கொண்டது என்ற வார்த்தையைப் பாருங்கள். கையில் குழந்தையோடு தெருவில் நிற்பவன் எதற்கு ஒத்துக்கொள்ள மாட்டான்?

ஆனாலும் இந்தச் சட்டத்தை நம் தோழர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாத வரை, வீட்டு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாடகைக்கு ரசீது கொடுத்தாக வேண்டும். வாடகையை வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி விரட்டக் கூடாது. இவையெல்லாம் சாதகம். பாதகமும் ஒன்று உண்டு: எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்யாமல் இருப்பதையே காரணமாகக் காட்டி, வீட்டைக் காலி செய்து தரும்படி வீட்டுக்காரர் மனுச் செய்ய இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. பத்து வருஷம் நாணயமாக வாடகை கொடுத்தவன் கையில் காகிதம் இல்லாத குற்றத்துக்காக வெளியே போக நேரும். ஆகவே, வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் உடனே ஒப்பந்தத்தைக் கேளுங்கள். வாடகையைப் போன் வழியாகவோ பாங்கு வழியாகவோ அனுப்பினால் அதுவே ஒரு சாட்சி. சட்டம் நகரங்களுக்கென்று எழுதப்பட்டது. நம் கிராமத்துக் குடிக்கூலிக்காரருக்கு இந்தத் துணையும் இல்லை.

வாடகை கொடுப்பவர்கள் சேர்ந்து நின்று சட்டத்தை உண்டாக்கிய கதையும் உலகில் உண்டு. 1915-ல், முதல் உலக யுத்தத்தின் போது, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பலர் போர்முனையில். மீதிப் பேர் ஆயுதத் தொழிற்சாலைகளில். பெண்கள் வாடகை கொடுக்க மறுத்தார்கள். மேரி பார்பர் என்ற தொழிலாளி வீட்டுப் பெண்மணி முன்னே நின்றார். காலி செய்விக்க அமீனா வந்தால் தெருவில் மணி அடிப்பார்கள். பெண்கள் ஓடி வந்து படிக்கட்டை அடைத்துக்கொண்டு மாவுப் பொட்டலத்தை வீசுவார்கள். கப்பல் கட்டும் தொழிலாளரும் வேலையை விட்டு வந்து கோர்ட்டு வாசலில் கூடினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் பிரிட்டிஷ் சர்க்கார் சட்டம் போட்டு, வாடகையை 1914 ஆகஸ்டில் இருந்த அளவிலேயே நிறுத்தியது.

சரி, சொந்த வீடு? எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் ஜனங்களின் ஆசை. அதைக் கேலி செய்ய நாம் வரவில்லை. ஆனால் சொந்த வீடு என்று விற்கப்படுவது என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லட்ச ரூபாய் கடன், வட்டி 9 சதவீதம், 20 வருஷம். மாதம் சுமார் 9,000 ரூபாய் தவணை. 20 வருஷத்தில் கட்டி முடிப்பது 21 லட்சத்து 59 ஆயிரம். ஒரு வீடு நமக்கு, இன்னொரு வீடு பாங்குக்கு. அதுவரை பத்திரம் பாங்கின் இரும்புப் பெட்டியில் இருக்கும். மில்லில் லே-ஆப் வந்து தவணை நின்றால், 2002-ம் வருஷச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, முதலில் கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தவணைக்குப் பயந்து சூப்பர்வைசரிடம் வாயைத் திறக்காத தொழிலாளர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

1872-ல் எங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்னை பற்றி எழுதிய கட்டுரைகளில் இதைத்தான் சொன்னார். தொழிலாளிக்கு ஒரு குடிசையும் கொல்லையும் சொந்தமாக்கிவிட்டால், அவன் அந்த இடத்தோடு கட்டுண்டு போவான்; வாடகை மிச்சமாகிறதே என்று முதலாளி அதைக் கூலியில் குறைத்துக்கொள்வான் என்று காட்டினார். இதைப் படித்துவிட்டு, மனைப்பட்டா கேட்பது வர்க்கப் போராட்டம் ஆகாது என்று சொல்லும் தோழர்களும் நம்மிடையே உண்டு. நமக்கு அது சம்மதமில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கழுத்தை நீட்டுவது வேறு. தான் பிறந்த இடத்திலிருந்து தன்னை யாரும் எழுப்ப முடியாது என்ற நிலை வேறு. இந்த இரண்டாவது இல்லாமல் எந்தப் போராட்டத்துக்கு அவன் தைரியமாக வருவான்?

மாஞ்சோலையைப் பாருங்கள். நமக்குத் தெற்கே மணிமுத்தாறு அணைக்கு மேலே இருக்கிறது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை எஸ்டேட்டுகள் எழுந்தன. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் லைன் வீடுகளில் குடியேறினார்கள். வாடகை கிடையாது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று சொல்லிவிட்டது. வாடகை இல்லாத வீடு என்றால் பொறாமைப்படத் தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. வேலை இருக்கும் வரை வீடு. கொழுந்து பறிக்கும் கை ஓய்ந்தால் வீடும் இல்லை. அந்தத் தொழிலாளருக்காக 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் மாண்டதை இந்த ஜில்லா மறக்கவில்லை.

குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல், கம்பெனி விருப்ப ஓய்வு என்று காகிதம் நீட்டியது. விருப்பம் யாருடையது என்று கேட்கத் தேவையில்லை. கையெழுத்து வாங்கி, லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வழக்கு மதுரைக்குப் போனது. எஸ்டேட்டை சர்க்காரே எடுத்து நடத்தட்டும், எங்களை அங்கேயே இருக்க விடுங்கள் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளைச் செய்யச் சொல்லி முடித்தது. காடு காடாக வேண்டும், புலி வாழ வேண்டும் என்பதில் நமக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்து, பெற்றவர்களை அந்த மண்ணிலேயே புதைத்தவர்களின் பெயர், அந்த வீட்டைப் பற்றிய ஒரு காகிதத்திலும் இல்லை. ஜமீன் பெயர் இருக்கிறது, கம்பெனி பெயர் இருக்கிறது, வனத்துறை பெயர் இருக்கிறது.

கீழ்த் தஞ்சையில் பண்ணையாளுக்கும் ஒரு காலத்தில் இதே கதிதான். மிராசுதாரின் மண்ணில் குடிசை. கூலி கூடக் கேட்டால் "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்பான். சீனிவாசராவ் போன்றவர்கள் சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டினார்கள். அந்த இயக்கத்தின் பலத்தால்தான் 1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று ஒரு சட்டமும், 1971-ல் அந்த வருஷம் ஜூன் 19-ந் தேதியன்று குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கே மனை சொந்தம் என்று இன்னொரு சட்டமும் வந்தன. தனியார் நிலத்தில் பரம்பரையாகக் குடியிருப்பவர்கள் இன்றும் இந்த 1971-ம் வருஷச் சட்டத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். காலாவதியான சட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி நம் பெஞ்சில் இருந்த மாமாவின் விஷயம். அவர் கையில் வீட்டு வரி ரசீது இருக்கிறது, கரண்டு பில் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது. இத்தனை காகிதமும் சேர்ந்து ஒரு பட்டா ஆகாது. நீண்ட காலம் குடியிருக்கிறார் என்பதற்குச் சாட்சியாகும், அவ்வளவே. 2024-ல் அறிவித்த கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்றார்கள். வீடு கட்டப் பணம் உண்டு; பட்டா இருந்தால். கால் பதிக்க மண் இல்லாதவனுக்குக் கூரை தருகிறோம் என்கிற வேடிக்கை இது. குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு நாள் அறை வாடகை கொடுக்கிறவர்களுக்கு இந்த மூன்று சென்ட் கவலை புரியாது.

அவர் செய்ய வேண்டிய முதல் காரியம், தன் வீடு நிற்கும் சர்வே நம்பர் கிராமக் கணக்கில் என்னவென்று எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. நத்தம் என்றால் பட்டா கேட்பதில் தடை இல்லை. ஓடை, குளம், வாய்க்கால் என்று இருந்தால் அங்கே பட்டா கிடைக்காது. 2007-ம் வருஷத்து ஏரிப் பாதுகாப்புச் சட்டமும் கோர்ட்டு உத்தரவுகளும் குறுக்கே நிற்கும். இதில் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். இலத்தூர் குளத்தில் தண்ணீர் நின்றால்தான் வயலில் நாற்று. நாற்று இருந்தால்தான் நமக்கு நடவுக் கூலி. குளத்தை அழித்து வீடு கேட்க மாட்டோம். ஆனால் புல்டோசர் வருவதற்கு முன்னால் மாற்று மனை வர வேண்டும். கிராமத்தில் குடும்பத்துக்கு மூன்று சென்ட் வரை இலவச மனை கொடுக்க விதியிருக்கிறது. அதை ஊருக்கு வெளியே, பஸ்ஸும் தண்ணீரும் இல்லாத பொட்டலில் அளந்து கொடுத்து மனுவை முடிக்கப் பார்ப்பார்கள். வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் மனை வேண்டும் என்று மனுவிலேயே எழுத வேண்டும். பெண்கள் பெயரில் கேட்க வேண்டும்.

திருப்பூர் தோழர் ஊருக்குப் புறப்படும் முன் ஒரு கேள்வி கேட்டார். "வாடகை ரசீது கேட்டா காலி பண்ணச் சொல்லிருவாரே அண்ணாச்சி?" தனியாகக் கேட்டால் சொல்லுவார்தான். லைனில் எத்தனை குடும்பம் என்று கேட்டோம். பன்னிரண்டு என்றார். பன்னிரண்டு பேரிடமும் பேசிவிட்டு எழுதுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். மாமா திங்கட்கிழமை தென்காசி கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு வருகிறார். தெருவில் மற்ற குடும்பங்களும் சர்வே நம்பரையும் வரி ரசீதையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு மாலைக்குள் வந்தால், எல்லோருக்கும் சேர்த்து மனு எழுதி வைத்துவிடலாம்.