பீட்டருக்கு முயலைப் பிடிக்கும்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பள்ளிகள் திறந்து சில நாட்கள் ஆகியிருக்கும். அம்மாவின் முந்தானையை விடாமல் வாசலில் அழும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்க்கிறோம். கணக்கு வாத்தியாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் வயிற்றைப் பிசையும் எட்டாம் வகுப்புப் பையனை யாரும் கவனிப்பதில்லை. அவனையும் மனத்தில் வைத்துத்தான் இந்த மாதம் பயத்தைப் பற்றி எழுதுகிறேன். அது எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகவும், எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவும்.

வரும் வழியை ஆசிரியர் பயிற்சி படித்தவர்கள் அறிவார்கள். செரிமான ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லவ், தன் ஆய்வுக்கூட நாய்களுக்கு உணவு வருவதற்கு முன்பே, உணவோடு சேர்ந்து பழகிய ஓசையைக் கேட்டதும் உமிழ்நீர் சுரப்பதைக் கண்டார். பாடநூல்கள் இதை ஆக்கநிலையிறுத்தம் என்கின்றன. 1920-இல் அமெரிக்காவில் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் இதே வழியில் ஒரு கைக்குழந்தைக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். ஆல்பர்ட் என்று அவர்கள் குறிப்பிட்ட அந்தக் குழந்தைக்கு அப்போது வயது பதினோரு மாதம். வெள்ளை எலியைத் தொட அது கை நீட்டியபோது, பின்னால் நின்று இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். ஏழே முறை. அதன்பின் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. முயலைக் கண்டும், ரோமக் கோட்டைக் கண்டும் மிரண்டது. அந்தப் பயத்தைப் போக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். எத்தனை முறை படித்தாலும் இது எனக்கு மனக்கசப்பையே தருகிறது. ஆனால் எந்த உளவியல் பாடநூலைப் புரட்டினாலும் ஆல்பர்ட் இருக்கிறான். பீட்டர் என்ற சிறுவனுக்கு ஓரிரு வரி கிடைத்தால் பெரிது.

பீட்டருக்கு மூன்று வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எலி, முயல், ரோமக் கோட்டு, இறகு, பஞ்சு எல்லாவற்றுக்கும் பயந்தான். இந்தப் பயத்தை எந்த ஆராய்ச்சியாளரும் உண்டாக்கவில்லை, வீட்டிலிருந்தே வந்தது. அவனை அடக்கி வைக்க அவன் தாய் கையாண்ட வழிகளில் ஒன்று, உள்ளே வராவிட்டால் யாரோ உன்னைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்வது. நம் ஊர்ப் பூச்சாண்டியையும் பிள்ளை பிடிக்கிறவனையும் அறிந்த நமக்கு அந்தத் தாயைப் புரிந்துகொள்வது கடினமில்லை.

அவனைக் கையில் எடுத்துக்கொண்டவர் மேரி கவர் ஜோன்ஸ். ரோசலி ரேனரின் கல்லூரித் தோழி. வாட்சனின் பேச்சைக் கேட்டபோது அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது: பயத்தைக் கற்றுக்கொடுக்க முடியும் என்றால், அதே வழியில் அதைக் கழற்றி எடுக்கவும் முடியுமா? வாட்சனின் ஆலோசனையோடு நியூயார்க்கில் அதைச் சோதித்துப் பார்த்தார்.

முதலில், முயலுக்குப் பயப்படாத மூன்று குழந்தைகளோடு பீட்டரைத் தினமும் விளையாட விட்டார். முயல் அறையில் ஒரு பக்கம் இருக்கும். தொடக்கத்தில் கூண்டுக்குள் இருந்த முயல் அறையின் எந்த மூலையில் இருந்தாலும் பீட்டருக்குப் பொறுக்கவில்லை. பிறகு 12 அடி தள்ளியிருந்தால் பரவாயில்லை என்றானது. அப்புறம் 4 அடி, 3 அடி, பக்கத்திலேயே. பிறகு கூண்டைத் திறந்துவிட்டார்கள். நன்றாகத் தேறி வந்த நேரத்தில் பிள்ளைக்குச் செங்காய்ச்சல் கண்டு இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். திரும்பும்போது டாக்ஸியில் ஏறும் இடத்தில் பெரிய நாய் ஒன்று பாய்ந்து வந்து அவனையும் உடன்வந்த நர்ஸையும் நடுங்க வைத்தது. பழைய பயம் முழுதாகத் திரும்பிவிட்டது.

ஜோன்ஸ் விடவில்லை, வழியை மாற்றினார். பீட்டரை உயர்ந்த நாற்காலியில் உட்கார வைத்து அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தார்கள். அவன் தின்றுகொண்டிருக்கும்போது கூண்டு தூரத்திலிருந்து மெல்ல நெருங்கும். தின்பது தடைப்படாத தூரம் எதுவோ அதுவரைதான். கூண்டு எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவன் பீட்டர். இந்த ஆய்வில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். சில நாள் முன்னேற்றம், சில நாள் பின்னடைவு என்று அது நடந்தது. கடைசியில் தன் விரல்களை முயல் மெல்லக் கொறிக்க விட்டுக்கொண்டு நின்றான். முயல் பிடிக்கும் என்று தானாகவே சொன்னான். யாரும் தனியாக வைத்தியம் செய்யாத பஞ்சுப் பயமும் இறகுப் பயமும்கூடப் போயிருந்தன. 1924-இல் இது கட்டுரையாக வெளிவந்தது. அவசரப்பட்டால் விளைவு தலைகீழாகி, பிள்ளை உணவுக்கே பயப்படத் தொடங்கலாம் என்றும் ஜோன்ஸ் அதில் எச்சரித்தார். ஊட்டும்போது போலீஸையும் ஊசியையும் பேச்சில் இழுக்கும் வீடுகளில் இந்த எச்சரிக்கையைப் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது.

அதே ஆண்டு அவர் எழுதிய இன்னொரு கட்டுரை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மூன்று மாதம் முதல் ஏழு வயது வரையுள்ள 70 குழந்தைகளிடம், பயத்தைப் போக்கப் பெரியவர்கள் வழக்கமாகச் செய்யும் எல்லாவற்றையும் சோதித்திருக்கிறார். முயலுக்குப் பயந்த ஐந்து வயதுச் சிறுமியிடம் தினமும் முயலைப் பற்றிப் பேசினார்கள், படக்கதை காட்டினார்கள், பொம்மை முயல் கொடுத்தார்கள். அவள் உற்சாகமாகப் பேசினாள்; நிஜ முயல் வந்ததும் பழையபடி அலறினாள். தவளைக்குப் பயந்த சிறுவனை மற்றப் பையன்கள் துரத்திக் கேலி செய்தார்கள். பயம் இம்மியும் குறையவில்லை. அந்தப் பொருளையே கண்ணில் காட்டாமல் மாதக்கணக்கில் விட்டுவைப்பதும் நம்பத் தகுந்த வழியாக இல்லை. திட்டவட்டமாகப் பலித்தவை இரண்டே இரண்டு: பிடித்த உணவோடு மெல்ல நெருங்கவிடுவது, பயப்படாத பிள்ளைகளோடு சேரவிடுவது.

ஒதுங்கியிருந்தால் பயம் ஏன் போவதில்லை? இதற்கு விடை வேறொரு வகைக் கற்றலில் இருக்கிறது. ஒரு செயலின் விளைவு நல்லதாக இருந்தால் அச்செயல் மறுபடி நிகழும் என்பதை எலிகளையும் புறாக்களையும் கொண்டு விரிவாக ஆராய்ந்தவர் பி.எஃப். ஸ்கின்னர், அது செயல்படு ஆக்கநிலையிறுத்தம். நல்ல விளைவு என்பது மிட்டாய் மட்டுமல்ல, தொல்லை விலகுவதும்தான். கணக்குக்குப் பயந்த பையன் வயிற்றுவலி என்கிறான், லீவு கிடைக்கிறது, படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதியே பரிசு. அடுத்த வாரமும் வலிக்கும், பொய்யாக அல்ல, உண்மையாகவே வலிக்கும். வகுப்பில் உட்கார்ந்திருந்தும் கெடுதல் எதுவும் நடக்கவில்லை என்று அறியும் வாய்ப்பு மட்டும் அவனுக்குக் கிடைப்பதே இல்லை. 1947-இல் ஓ. ஹோபர்ட் மௌரர் இவ்விரு கற்றலையும் இணைத்துக் காட்டினார்: பயம் முதல் வழியில் வருகிறது, தப்பித்தல் இரண்டாம் வழியில் அதைக் காத்து வளர்க்கிறது.

அப்படியானால் தரதரவென்று இழுத்துப்போய் வகுப்பில் தள்ளிவிடலாமா என்று கேட்காதீர்கள். அது முயலைப் பீட்டரின் மடியில் போடுவதற்குச் சமம். பிரம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்துள்ளது. அப்படியிருந்தும் அடித்தால்தான் படிப்பான் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அடிபட்ட பிள்ளையின் மனத்தில் வலி சூத்திரத்தோடு மட்டும் ஒட்டாது. கரும்பலகையோடும், நோட்டுப் புத்தகத்தோடும், ஆசிரியரின் குரலோடும் ஒட்டிக்கொள்ளும். எலியிலிருந்து ரோமக் கோட்டுக்குப் பரவிய அதே பயம்தான்.

தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே 1958-இல் வெளியிட்ட நூலில், படிப்படியாக நெருங்கவிடும் முறையைப் பெரியவர்களுக்கான சிகிச்சையாக வகுத்துத் தந்தார். ஜோன்ஸை நடத்தைச் சிகிச்சையின் தாய் என்று அழைத்தவரும் அவரே. நாய், ஊசி, விமானம் என்று எதற்கு அஞ்சி வருபவரிடமும் இன்றைய உளவியலாளர்கள் இந்தப் படிகளைத்தான் கட்டித் தருகிறார்கள். பயம் தூக்கத்தையும் உணவையும் கெடுக்கும் அளவுக்கு முற்றியிருந்தால் தயங்காமல் அவர்களிடம் போங்கள். சின்னப் பயங்களுக்கு வீடும் வகுப்பும் போதும். கணக்கு நோட்டைத் திறந்ததும் பையனால் நிச்சயம் போடக்கூடிய இரண்டு கணக்கு, பக்கத்தில் கணக்கை ரசித்துப் போடும் ஒரு நண்பன், கையில் கொஞ்சம் கடலை மிட்டாய். அன்றைக்கு அவ்வளவு போதும் என்று அவன் சொன்னால் நோட்டை மூடிவிடலாம்.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ ஒரு பிள்ளையின் பயம் இப்படி மெல்ல விலகியிருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். எவ்வளவு தூரத்தில் தொடங்கினீர்கள், நடுவில் எங்கே சறுக்கியது, யார் துணைக்கு இருந்தார்கள் என்பதையெல்லாம் விவரமாக எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். தேர்ந்தெடுத்த கடிதங்கள் ஆகஸ்ட் இதழில் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்