மகளிருக்கு ஏது மனமகிழ் மன்றம்?

இரும்பாலைகளுக்குப் பேர்போன ஊர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க். அங்கே 2001-ல் சில பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 'அழிந்துவரும் காக்டெயில்களைக் காப்பாற்ற ஒன்றுகூடிய பெண்கள்' என்று அதற்குப் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'லூபெக்' என்பார்கள். புலியைக் காப்பாற்றச் சங்கம் உண்டு, சிட்டுக்குருவியைக் காப்பாற்றச் சங்கம் உண்டு. சரக்குக் கலவையைக் காப்பாற்றவுமா ஒரு சங்கம்? சிரிப்பு வரத்தான் செய்யும்.

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசித்தால் ஒன்று புரியும். தமிழ்நாட்டுப் பெண்களுக்கு எந்த ஆட்சியும் தராத ஒரு பொருள் அந்தச் சங்கத்தில் இருக்கிறது. அது சரக்கு இல்லை.

அந்தப் பெண்கள் செய்தது இவ்வளவுதான். ஒருவர் வீட்டில் கூடுவார்கள். பாட்டி காலத்துக் கண்ணாடிக் கோப்பைகளை எடுத்து வைப்பார்கள். யாரும் இப்போது கேட்காத பழைய பானம் ஒன்றைப் பழைய குறிப்பைப் பார்த்துக் கலப்பார்கள். அதைக் குடித்தபடியே, மறக்கப்பட்ட பெண்களின் கதைகளைப் பேசுவார்கள். 2007-ல் பாஸ்டன் நகரத்திலும் ஒரு கிளை வந்தது. பெண்களுக்கான அறப்பணிகளுக்குப் பணமும் திரட்டினார்கள். 'ஒவ்வொரு கோப்பையாக ஆணாதிக்கத்தைக் கழற்றுவோம்' என்கிற மாதிரி ஒரு கோஷம் வேறு!

வேடிக்கையாகத் தெரியும் இந்தக் கோஷத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. லண்டன் சவாய் ஹோட்டலின் மதுக்கூடத்தில் 1903-லிருந்து பானம் கலக்கும் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஏடா கோல்மன் என்ற பெண். அவர் உருவாக்கிய 'ஹேங்கி பேங்கி' என்ற காக்டெயில் இன்றும் உலகம் முழுக்கக் கிடைக்கிறது. ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1945-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பெரிய ஊர்களின் மதுக்கூடத்தில் ஒரு பெண் பானம் ஊற்ற வேண்டுமானால் அவள் கடை முதலாளியின் மனைவியாகவோ மகளாகவோ இருக்க வேண்டும். 1948-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்புச் சொன்னது. நியூயார்க்கின் மெக்சார்லீஸ் என்ற நூறாண்டு தாண்டிய மதுக்கூடத்துக்குள் பெண்கள் நுழைய 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, கூடிப் பேசும் இடத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேத்திகள், தங்களுக்கென்று ஒரு மேசையைப் போட்டுக்கொண்டார்கள். கோப்பை ஒரு சாக்கு. விஷயம் மேசைதான்.

இந்தக் கதையைச் சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? கஞ்சமலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். சேலை என்றால் அந்த ஊர்தான். சொன்னவரை அடிக்க வந்தாலும் ஆச்சரியமில்லை. அதற்கு நியாயமும் இருக்கிறது. மதுவிலக்குப் போராட்டத்துக்காக உயிரையே விட்ட காந்தியவாதி சசிபெருமாள் இளம்பிள்ளைக்குப் பக்கத்திலிருக்கும் இடங்கணசாலை மேட்டுக்காட்டுக்காரர். 2013-ல் சென்னையில் பல நாட்கள் உண்ணாவிரதம் இருந்தவர். 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்தார். அதற்கும் வெகுமுன்பே, 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது இதே சேலம் மாவட்டத்தில்தான். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. மது போன வழியில் வந்த அந்த வரி நிலைத்துவிட்டது. மதுவும் திரும்பி வந்துவிட்டது!

இப்படிப்பட்ட மண்ணில் பெண்களுக்கு ஒரு காக்டெயில் சங்கமா என்று கேட்பவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் குடியால் அடிபட்டவர்கள். அவர்கள் கேள்விக்குக் கடைசியில் பதில் வரும். இரண்டாம் வகையினர் 'பண்பாட்டுக் காவலர்கள்'. அவர்களை முதலில் கவனிக்க வேண்டும்.

"தமிழ்ப் பெண் குடிக்க மாட்டாள், அது நம் பண்பாடு" என்பது இவர்கள் பாட்டு. எந்தப் பண்பாடு? சேலத்துக்கு அடுத்த தருமபுரிதான் அதியமானின் தகடூர். அவன் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் 235-ஆவது. கொஞ்சம் கள் கிடைத்தால் தனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் தான் பாட இருவரும் குடித்து மகிழ்வோம் என்று அவனை நினைத்து அழுகிறார் ஔவை. ஒரு பெண் கவிஞரும் ஓர் அரசனும் ஒன்றாக உட்கார்ந்து குடித்தது சங்க காலத்தில் மறைக்க வேண்டிய சங்கதியாக இல்லை. அந்த நட்பின் நெல்லிக்கனியைப் பாடப் புத்தகத்தில் வைத்தவர்கள் கள்ளை மட்டும் கீழே இறக்கி வைத்துவிட்டார்கள்.

பழங்கதை வேண்டாம் என்றால் புதுக்கதைக்கு வரலாம். 2024 ஜூனில் சேலத்தின் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. உடம்பு வலிக்க உழைத்துவிட்டு மறைவாகக் குடிக்கும் பெண்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் மிகக் குறைவு என்பது உண்மை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு ஆண்களில் சுமார் நான்கில் ஒருவர் குடிக்கிறார், பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. காவலர்களின் கோபம் எந்தப் பக்கம் பாய வேண்டும்? அந்த நான்கில் ஒருவர் பக்கம் அது எட்டிப் பார்ப்பதே இல்லை. அந்த நூற்றில் ஒருத்தியைத் தேடித்தான் ஓடுகிறது.

2009 ஜனவரி 24 அன்று மங்களூரில் அப்படித்தான் ஓடியது. ஒரு மதுக்கூடத்துக்குள் புகுந்து, அங்கே உட்கார்ந்திருந்த பெண்களை ஸ்ரீராம் சேனைக்காரர்கள் துரத்தித் துரத்தி அடித்தார்கள். பதிலுக்கு, தங்கள் மீது வீசப்பட்ட வசவையே பெயராகச் சூடிக்கொண்டு பெண்கள் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கி, அந்த அமைப்பின் தலைவருக்கு ரோஸ் நிற உள்ளாடைகளைத் தபாலில் அனுப்பினார்கள். இந்தியாவில் லூபெக்கின் சகோதரி என்று எதையாவது சொல்வதென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். அதிலும் பிரச்சினை கோப்பை இல்லை. ஒரு மேசையில் சில பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் அடிக்க வந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை.

சட்டமும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. டெல்லியில் நடைமுறையில் இருந்த 1914-ஆம் ஆண்டுப் பஞ்சாப் கலால் சட்டம், மது பரிமாறும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லையென்றால் பாதுகாப்பைக் கொடுங்கள், வேலையைப் பறிக்காதீர்கள் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் 2007-ல் அந்தப் பிரிவைத் தூக்கி எறிந்தது. நாட்டின் தலைநகரத்திலேயே இதற்குச் சுதந்திரம் வந்து அறுபது வருடம் ஆனது.

சரி, தமிழ்நாட்டு அரசு என்ன செய்தது? 1983-ல் இரண்டு நிறுவனங்களைத் தொடங்கியது. ஒன்று டாஸ்மாக். இன்னொன்று தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம். ஒரே ஆண்டு, ஒரே அரசு, இரண்டு குழந்தைகள். முதல் குழந்தை 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. 2024-25-ல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருமானம் சுமார் 48,000 கோடி ரூபாய். இரண்டாவது குழந்தை சுய உதவிக் குழுக்களை வளர்த்தது. 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்து மாநிலம் முழுக்கப் பரவியது. நல்ல காரியம்தான். கந்துவட்டிக்காரனிடம் கையேந்தாமல் பல பெண்களைக் காப்பாற்றியது.

ஆனால் அந்தக் குழுக் கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள்? சேமிப்பு, கடன், தவணை, வட்டி. கையெழுத்து போட்டதும் எழுந்து ஓட வேண்டும். உலை கொதிக்கிறது. ஆணுக்கு அரசு கடை கொடுத்தது, கடையோடு ஒட்டிய பார் கொடுத்தது. பெண்ணுக்குக் கணக்கு நோட்டு கொடுத்தது!

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. தமிழ்நாட்டு மது விதிகளில் கிளப்புகளுக்கென்று தனி உரிமம் இருக்கிறது. அந்தக் கிளப்புகளுக்குத் தமிழில் எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்: மனமகிழ் மன்றம். உறுப்பினர்கள் கூடலாம், சீட்டாடலாம், குடிக்கலாம், மனம் மகிழலாம். மகளிர் காவல் நிலையம் இருக்கிறது, மகளிர் நீதிமன்றம் இருக்கிறது, மகளிர் குழு இருக்கிறது. பெண் அடி வாங்கினால் போகவும், வழக்குப் போடவும், கடன் வாங்கவும் இடம் உண்டு. மகளிர் மனமகிழ் மன்றம் வேண்டும் என்று எந்தக் கட்சியாவது தேர்தல் அறிக்கையில் எழுதியதுண்டா? பெண்ணின் துன்பத்துக்கு இலாகா இருக்கிறது. அவள் மகிழ்ச்சிக்கு ஒரு நாற்காலிகூட இல்லை.

இளம்பிள்ளை மாதிரி ஊர்களில் இது பளிச்சென்று தெரியும். தறிச் சத்தம் ஓயாத ஊர். பெண்கள் தார் சுற்றுகிறார்கள், தறி ஓட்டுகிறார்கள், நெய்த சேலையை மடித்து அடுக்குகிறார்கள். பிறகு வீட்டு வேலை. வேலை முடிந்த ஆணுக்கு டீக்கடை பெஞ்சு உண்டு, சலூன் உண்டு, கட்சி ஆபீஸ் உண்டு, இதெல்லாம் போதாதென்றால் டாஸ்மாக் பார் உண்டு. பெண்ணுக்கு? கோயில், ரேஷன் கடை வரிசை, தண்ணீர்க் குழாயடி. அங்கே நிற்கவும் ஒரு காரணம் வேண்டும். காரணமில்லாமல் நாலு பெண்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 'இவளுகளுக்கு வீட்டுல வேலை இல்லையா' என்று ஊரே கேட்கும்.

2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வந்தது. இரண்டையும் கேலி செய்தவர்கள் கேலி செய்யட்டும், இரண்டும் பெண்களுக்குக் கிடைத்த பெரிய விஷயங்கள். ஆனால் பஸ்ஸில் ஏறிய பெண் எங்கே போய் உட்காருவாள்? வேலைக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். தோழிகளோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வரலாம் என்றால் இடம் எது?

இப்போது அந்த முதல் வகையினர். "என் புருஷன் கூலியை அங்கே கொட்டிவிட்டு வருகிறான். இதில் பொம்பளைக்கும் கோப்பையா?" என்று கேட்கும் பெண். அவள் கேள்விக்கு முன்னால் பண்பாட்டுக் காவலர்களின் கூச்சல் நிற்காது. அவளுக்குக் கோப்பையை நீட்டுவது அயோக்கியத்தனம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. பானத்தை விடுதலை என்று விற்கும் விளம்பரக்காரர்களும், நட்சத்திர ஹோட்டலில் 'லேடீஸ் நைட்' என்று பெண்களுக்கு இலவசமாக ஊற்றி ஆண்களை வரவழைக்கும் வியாபாரிகளும் பெண்ணுரிமை பேசத் தகுதியில்லாதவர்கள். அங்கே பெண் விருந்தாளி இல்லை, தூண்டில் புழு.

ஆனால் அந்தப் பெண்ணின் போராட்டத்தையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 1921-ல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கித் தெருவுக்கு வந்தார்கள். 2017 ஏப்ரலில், நெடுஞ்சாலைக் கடைகளை அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மதுக்கடைகள் குடியிருப்புகளுக்குள் நுழைந்தபோது, திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. இந்தப் பெண்களெல்லாம் குடியை மட்டுமா எதிர்த்தார்கள்? தங்கள் தெருவில் என்ன இருக்க வேண்டும் என்று தாங்களே முடிவு செய்வோம் என்றார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அந்தத் தெருவில் தாங்களும் நடக்க வேண்டும் என்றார்கள். பிட்ஸ்பர்க்கில் கோப்பையோடு உட்கார்ந்தவர்களும் சாமளாபுரத்தில் கடைக்கு எதிராக உட்கார்ந்தவர்களும் கேட்டது ஒன்றுதான்: பொது இடத்தில் எங்கள் பங்கு எங்கே?

அதனால் கோரிக்கை எளிமையானது. ஒவ்வொரு பேரூராட்சியிலும் பெண்களுக்கென்று ஒரு மன்றம் வேண்டும். இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்க வேண்டும். நல்ல விளக்கு, சுத்தமான கழிப்பறை, நாற்காலி, நாலு பத்திரிகை, ஒரு கேரம் போர்டு, குழந்தைகள் விளையாட ஒரு மூலை. இஞ்சி டீ போதும், காக்டெயில் வேண்டாம். கடன் பேச்சும் தவணைப் பேச்சும் அங்கே கூடாது. தையல் பயிற்சி, ஊறுகாய்ப் பயிற்சி என்று எந்த அதிகாரியும் உள்ளே வரக் கூடாது. டாஸ்மாக் வருமானத்தில் ஒரு துளி ஒதுக்கினால் போதும், மாநிலம் முழுக்கக் கட்டிவிடலாம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி இந்தப் பெண்களின் வீட்டிலிருந்து போனதுதானே? உண்மையில் அது அவர்கள் கட்டிய சந்தா. சந்தா கட்டியவர்களுக்கு மன்றத்தின் கதவைத் திறந்து விடுவதில் என்ன கஷ்டம்?